தண்ணீர் குடித்த ஆடுகள்

கொட்டகையில் ஒரு ஆடுகூட அசைபோடவில்லை. மழை ஓய்ந்த மாலையில் ஈரக் கம்பளி வாடையும் புழுக்கை நெடியும் கிருமிநாசினியின் காரமும் கலந்து நுண்ணோக்கி அறைவரை வந்துகொண்டிருக்க, வழக்கமாகச் சுவரைத் தாண்டிக் கேட்கும் அந்த மெல்லும் சத்தம் மட்டும் துடைத்தெடுத்தாற்போல் இல்லாததை அவன் கவனித்தான்.

கால்நடை ஆய்வு நிலையத்தில் அது அவனுக்கு முதல் வேலை. ஆட்டின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழுவைப் பற்றி முதல் ஆராய்ச்சி. ஆட்டுக்காரம்மா நம்பிக் கொடுத்த மந்தையில் பாதிக்குப் புது மருந்து, ஒப்பிட்டுப் பார்க்கப் பாதிக்கு வெறும் தண்ணீர். அவளிடம் மட்டும், "எல்லாத்துக்கும் மருந்துதாம்மா" என்று சொல்லி வைத்திருந்தான். ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்க்கும்போது, ரத்தம் குறைந்து சிவப்பு வெளுத்திருந்தால், உடனே மருந்து கொடுத்துக் காப்பாற்றிவிட வேண்டும் என்பது விதி. வெளுத்தது. அவன் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் முடிவு பளிச்சென்று வரும். வேலை நிரந்தரமாகும்.

தண்ணீர் குடித்தவை ஒன்றுவிடாமல் செத்தன. புதைப்பதற்கு முன் வந்த ஆட்டுக்காரம்மா அழவில்லை. கிடந்த ஒன்றின் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள்.

"எனக்கு வெள்ளையாத் தெரியுது. படிச்ச கண்ணுக்கு மட்டும் சிவப்பாவா தெரிஞ்சுது?"

"நோய் முத்திப்போச்சும்மா..."

"முத்தட்டும் சார். உங்களுக்கும் முத்தட்டும்."

அன்றிலிருந்து மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கூட வேலை பார்க்கும் சோடாபுட்டி இன்று கிளம்பும்போது, "என்னடா மாப்ளே, பவுடர் டப்பாக்குள்ள விழுந்துட்டியா?" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தான்.

ஆட்டுப் புழு மனித வயிற்றில் தங்குவது அபூர்வத்திலும் அபூர்வம். அவனுக்குத் தெரியும். ஆனாலும் கை கழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில், தன் கீழிமையை இழுத்தான்.

காகித வெள்ளை.

வயிற்றுக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. அலமாரியைத் திறந்தான். புழு மருந்தைப் போத்தலோடு கவிழ்த்துக் குடித்தான். கசக்கவில்லை. அடுத்த போத்தல். அதுவும் இல்லை. எல்லாம் தண்ணீர்.

தாடைக்கடியில் கனத்தது. தொட்டான். கொழகொழவென்று ஒரு பை. ரத்தம் வற்றிய ஆட்டுக்குக் கடைசியில் தொங்குமே, அதே நீர்ப்பை.

கூப்பிடப் பார்த்தான். குரல் எழவில்லை. வாசலுக்கு ஓடினான். முழங்கால் மடிந்தது. கைகள் தரையில் ஊன்றின. நிமிர முடியவில்லை.

எதிரே கொட்டகைக் கதவு திறந்தது.

"ப்பா... ப்பா... வாடா கண்ணு."

ஆட்டுக்காரம்மா. ஆட்டைக் கூப்பிடும் அந்தக் குரலில் கோபமே இல்லை.

அவளுக்குப் பின்னால், புதைத்த ஆடுகள். மண் அப்பிய கம்பளி. தொங்கும் தாடைகள். எல்லாம் அவனையே பார்த்தன.

பிறகு, நடுவில் ஒன்று நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, மெல்ல ஒதுங்கின.