ஆத்தங்குடியில் ஒரு சூளை

"ஆஆஆ... அம்மா...!"

அந்த அலறல் கேட்டபோது காலை ஏழு மணி. கண்டனூர் 'வேல் பேலஸ்' ஓட்டலின் முற்றத்தில் பதினோரு வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

மூச்சை இழுத்தவர்கள் விடவில்லை!

சமையல்கட்டு வாசலில் வெள்ளையாய்ப் புகை... இல்லை, புகை இல்லை. நீராவி! அதற்குள்ளிருந்து ரேணுகா ஓடி வந்தாள். இருபத்தொன்பது வயது. கழுத்திலிருந்து வலது முழங்கை வரை வெந்து போயிருந்தது.

ஓட்டல் முதலாளி வேல்பாண்டி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். ரேணுகாவை அல்ல, விருந்தினர்களை!

"சாரி... சாரி! ஸ்மால் ப்ராப்ளம்!"

பிறகுதான் டிரைவரைக் கூப்பிட்டார்.

"டேய் டோனி! பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போடா! முன்னாடி கெஸ்ட் இருக்காகள்ல!"

என்ன நடந்தது? இட்லி அவிக்கும் பாய்லர், பெரிய சைஸ் பிரஷர் குக்கர்தான். உள்ளே நீராவி அதிகமானால் சேஃப்டி வால்வு தானாகத் திறந்து 'உஸ்ஸ்...' என்று வெளியே தள்ளும். அந்த 'உஸ்ஸ்' யோகாவுக்கு இடைஞ்சலாம். வால்வைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டச் சொன்னவர் வேல்பாண்டி. வெளியேற வழியில்லாத நீராவி, மூடியின் ரப்பரைப் பிய்த்துத் தானே ஒரு வழி செய்துகொண்டது. அந்த வழியில் ரேணுகா நின்றாள்.

கொதிக்கும் தண்ணீரைவிட நீராவி பொல்லாதது. தோலில் பட்டு மறுபடி தண்ணீராக மாறும் நொடியில், தனக்குள் ஒளித்து வைத்திருந்த சூட்டை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டுப் போகும்.

வேல்பாண்டிக்கு அந்த விஞ்ஞானம் தெரியாது. ஆனால் சட்டம் கொஞ்சம் தெரியும்!

டோனியின் கார் பாதி தூரம் போவதற்குள் அவனுடைய போன் அடித்தது...

*

பதினான்கு மாதம் கழித்து... காரைக்குடியில் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸ்.

ஆன் மேரி ஒரே ஒரு தாளை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே ரேணுகா.

வெந்த தோல் ஆறும்போது சுருங்கும். ரேணுகாவின் கழுத்தில் சுருங்கிய தோல், அவளுடைய மோவாயை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாது. தெரியாதவர்களுக்கு ரொம்ப அடக்கமான பெண் மாதிரி தோன்றும்.

அவள் வாயைத் திறக்கும் வரைக்கும்!

"என்ன வக்கீலம்மா, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீக?"

"ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு. அதோட நகல். நீ எங்க வெந்தேன்னு போட்டிருக்கு தெரியுமா?"

"எங்கயாம்?"

"'ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் வேலை செய்தபோது சூளை வெடித்துக் காயம்.'"

"சூளையா? நான் எங்க அங்குட்டுப் போனேன்? எந்தப் பய எழுதுனது?"

"டாக்டர் எழுதுனது. கூட்டிட்டு வந்த ஆள் சொன்னது. பேரு... டோனி, டிரைவர்."

"அடக் கட்டையில போறவனே!"

"நீ அப்பவே மறுத்துச் சொல்லிருக்கலாம்ல?"

"மூஞ்சி வீங்கி, ரெண்டு கண்ணும் மூடிக் கெடந்தேன். பொறகு மொதலாளி வந்தாரு. 'வைத்தியம் நான் பாத்துக்கிறேன், நீ வாயத் தொறக்காத'ன்னாரு. மூணாம் மாசத்துலேர்ந்து போனே எடுக்கல!"

ஆன் மேரி தாளை மேஜையில் போட்டாள்.

காயத்தோடு யார் வந்தாலும் டாக்டர் துப்பறிய மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. கூட்டி வந்தவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி, சொன்னவர் பெயரையும் நேரத்தையும் போடுவார். அதனாலேயே அந்தத் தாளுக்கு அவ்வளவு மதிப்பு. வக்கீல்கள் கலந்து பேசிக் கதை கட்டுவதற்கு முன்னால் பதிவான முதல் வார்த்தை அல்லவா?

"கவனமாக் கேளு ரேணுகா. இந்த இழப்பீட்டுச் சட்டத்துல மொதலாளி தப்புப் பண்ணாராங்கிறத நாம நிரூபிக்கவே வேணாம். ரெண்டே கேள்விதான். நீ அவரோட வேலையாளா? அந்த வேலைல இருக்கும்போது, அந்த வேலையால வந்த காயமா? ரெண்டுக்கும் ஆமான்னா அவர் குடுத்தாகணும். இந்த ஒரு வரி ரெண்டுக்கும் சேத்து இல்லைங்குது."

"சம்பளப் புத்தகம்?"

"அதைக் கேட்டேன். சமையல்கட்டுல வேல பாத்தவுங்க பேரே அதுல இல்ல. உன்கூட சமையல்கட்டுல இருந்த யோகலட்சுமி சாட்சிக்கு வர்றேன்னாளே?"

"வர்றேன்னுச்சு. மறுநாளே அதுக்குச் சம்பளத்தக் கூட்டிட்டாக. இப்ப என்னைய யாருன்னே தெரியாதாம்!"

ரேணுகா சிரித்தாள். சிரிப்பு கழுத்தில் இழுத்தது.

"டாக்டரு தேதி குடுத்துட்டாரு வக்கீலம்மா. கழுத்தப் பிரிச்சுவிட்டு, தொடையிலேர்ந்து தோல எடுத்து ஒட்டுவாகளாம். அதுக்குக் காசு வேணாம், கவர்மெண்டு பாக்குது. ஆனா ஆறு மாசம் ஒரு வேலையும் பாக்கக்கூடாதாம். ஆறு மாசம் எனக்கும் எம் புள்ளைக்கும் எவன் சோறு போடுவான்? கேசு நின்னா ஆப்பரேசன். இல்லாட்டி, கட்டையில வேகுற வரைக்கும் தரையப் பாத்தே நடக்க வேண்டியதுதான்."

ஆன் மேரி கார் சாவியை எடுத்தாள்.

"எங்குட்டுப் போறீக?"

"அந்தச் சூளையப் பாக்க! அங்க ஒரு வருகைப் பதிவேடு இருக்கும்ல? அதுல உன் பேரு இல்லைன்னு காட்டணும்."

*

"சூளை எங்குட்டுண்ணே இருக்கு?"

ஆத்தங்குடியில் பட்டறை வைத்திருக்கும் முத்தப்பனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"எந்தச் சூளை?"

"டைல்ஸ் கல்லு சுடுற சூளை."

முத்தப்பன் கையிலிருந்த கரண்டியை அப்படியே நிறுத்தினார். பிறகு... ஒரு சிரிப்பு! கரண்டியிலிருந்த சிவப்புக் குழம்பு கைலியில் கொட்டியது.

"ஏலே பெத்தா! இங்குட்டு ஓடியா! வக்கீலம்மாவுக்குக் கல்லச் சுட்டுக் குடுக்கணுமாம்!"

உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பெத்தன் தலையை நீட்டினார். அவரும் சிரித்தார். பட்டறையே சிரித்தது.

"ஏண்ணே... சுடறதில்லையா?"

"இப்படி உக்காருங்கம்மா. பாத்துட்டுப் போங்க."

முத்தப்பன் ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்து வைத்தார். அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் ஒரு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றினார். அச்சை மெல்லத் தூக்கினார். சிவப்பு சிவப்பின் இடத்தில், பச்சை பச்சையின் இடத்தில்! அதற்கு மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும். அதற்கும் மேல் ஈரக் கலவை. கரணையால் ஒரு இழுப்பு.

"முடிஞ்சது. காஞ்சதும் தண்ணித் தொட்டியில ஊறப் போடுவோம். பொறகு கண்ணாடி தானாக் கழண்டுக்கிரும். அந்தக் கண்ணாடியோட வழவழப்புத்தான் கல்லுல நிக்கிறது."

"நெருப்பு?"

"எதுக்கு? சிமெண்டு தண்ணியக் குடிச்சுத்தான் கல்லாகுது. சூளையில வெச்சா விண்டு, மாவாப் போயிரும்! ஊர்ல எந்தப் பட்டறையில வேணாலும் போயிப் பாருங்க. டீ போடுற அடுப்புத்தான் இருக்கும்."

ஆன் மேரி பார்த்தாள். சாயங்காலத்துக்குள் ஒன்பது பட்டறை ஏறி இறங்கினாள். ஒன்பது டீ குடித்தாள்.

சூளை மட்டும் கிடைக்கவில்லை!

பிறந்ததிலிருந்து இந்தக் கல்லின் மேல்தான் நடக்கிறாள். ஒரு நாளும் இது எப்படி வந்தது என்று கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த நொடியே ஒரு சந்தேகம்...

நானே கேட்கவில்லையே... வேல்பாண்டி மட்டும் கேட்டிருப்பாரா?

*

மதுரை. இழப்பீட்டு ஆணையர் முன் விசாரணை.

வேல்பாண்டி பட்டு ஜிப்பாவில் வந்திருந்தார். பக்கத்தில், விமானத்தில் வந்து இறங்கிய சென்னை வக்கீல். சாட்சி டோனி. நாற்பது வயது, வாராத தலை, தரையைப் பார்க்கும் கண்கள்.

சென்னை வக்கீல் ஐந்தே நிமிடத்தில் முடித்தார். டோனி அந்த வழியாக வண்டியில் போனான். சூளை வெடித்தது. இரக்கப்பட்டு ரேணுகாவை ஏற்றிக்கொண்டான். அவ்வளவுதான்!

"உங்க கிராஸ், மேடம்," என்று உட்கார்ந்தார். முகத்தில் மதியச் சாப்பாட்டு யோசனை.

ஆன் மேரி எழுந்தாள்.

"டோனி, அந்தச் சூளை எம்புட்டுப் பெருசு?"

டோனி முதலாளியைப் பார்த்தான். முதலாளி கையை உயர்த்தி ஜாடை காட்டினார்.

"பெருசுங்க. ரெண்டாள் ஒசரம்."

"எதுல கட்டுனது?"

"செங்கல்லுங்க."

"என்ன வெறகு?"

"கருவ வெறகுங்க."

"கல்லு வேக எம்புட்டு நேரமாகும்?"

"ஒரு... ஒரு ராத்திரி."

"அப்ஜெக்‌ஷன்!" சென்னை வக்கீல் எழுந்தார். "இது என்ன சமையல் குறிப்பா சார்?"

"உங்க சாட்சிதானே சமைக்கிறார்? சமைக்கட்டும்," என்றார் ஆணையர். "நீங்க கேளுங்கம்மா."

"கேள்வி முடிஞ்சதுங்க ஐயா. ஒரே ஒரு விஷயம். ஆத்தங்குடியில சூளையே கிடையாது!"

"என்னது?" ஆணையர் நிமிர்ந்தார்.

"ஒண்ணுகூட இல்ல. அந்தக் கல்ல யாரும் சுடறதில்ல, தண்ணியில ஊற வைக்கிறாங்க. பட்டறைக்காரர் முத்தப்பன் வெளிய உக்காந்திருக்கார். இது ஒன்பது பட்டறையோட போட்டோ. இல்லாத சூளை எப்படிங்க வெடிக்கும்?"

சென்னை வக்கீல் மெல்ல வேல்பாண்டி பக்கம் குனிந்தார்.

"சார்... நிஜமாவே சூளை கிடையாதா?"

"அதெப்படிய்யா? சுடாம எப்படிக் கல்லு வரும்? வர்ற கெஸ்ட் அம்புட்டுப் பேர்ட்டயும் ஆயிரம் டிகிரின்னுல சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

பட்டு ஜிப்பா வியர்த்தது. ஆத்திரம் ஆளைத் தேடியது. டோனி கிடைத்தான்!

"ஏண்டா மடப்பயலே! சூளைன்னு சொல்லுடான்னு அன்னைக்குப் போன்ல சொன்னப்பவே, அங்குட்டு சூளை இல்லைங்கன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"



சென்னை வக்கீல் சத்தமில்லாமல் ஃபைலை மூடினார்.

"மிஸ்டர் வேல்பாண்டி," ஆணையரின் குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. "இப்படி வாங்க. இப்ப சொன்னதையே சத்தியப் பிரமாணம் எடுத்துட்டு, கொஞ்சம் நிதானமா சொல்லுங்க. டைப்பிஸ்ட் கைக்கு எட்டணும்."

"ஐயா, அது... நான் ஒரு கோவத்துல..."

"கோவத்துலதான் மனுஷனுக்கு உண்மை வருது. வாங்க."

கூண்டில் ஏறிய வேல்பாண்டியிடம் ஆன் மேரிக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"ரேணுகா உங்க வேலையாளே இல்லைன்னா, அவ எங்க வெந்தான்னு சொல்லணும்னு டிரைவருக்கு நீங்க ஏன் சார் போன் போட்டீங்க?"

வேல்பாண்டி தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு டோனி எல்லாவற்றையும் ஒப்பித்தான். பாய்லர், கம்பி, வால்வு, யோகா, பின்வாசல்... ஒன்று விடாமல்!

*

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. ரேணுகா வேல் பேலஸின் வேலையாள்தான். காயம் வேலையால் வந்ததுதான். இழப்பீடும், விபத்து நாளிலிருந்து வட்டியும் முப்பது நாளைக்குள் கட்ட வேண்டும். வால்வைக் கட்டிய கதைக்குப் போலீஸில் தனி வழக்கு. பொய்ச் சாட்சிக்கு டோனிக்கும் ஒரு நோட்டீஸ்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுட்டேன் ரேணுகா. இருவத்தி ரெண்டாந்தேதி அட்மிஷன்," என்றாள் ஆன் மேரி.

ஆணையர் அலுவலகப் படியில் இருவரும் இறங்கும்போது, ஒரு ஆள் வழியில் வந்து நின்றான்.

டோனி!

"வக்கீலம்மா... ஒண்ணு சொல்லணும். எங்கம்மா அருளம்மாள் ஆத்தங்குடிப் பட்டறையில முப்பத்தஞ்சு வருசமாக் கல்லு போடுறாக. சின்னப் புள்ளையில அந்தத் தண்ணித் தொட்டிதான் எங்களுக்குக் கொளம். சூளை இல்லைன்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்?"

ஆன் மேரி படியிலேயே நின்றுவிட்டாள்.

"தெரிஞ்சேவா எழுத வெச்சீக?"

"அவரு சூளைன்னாரு. நான் திருத்தல. நெசத்தச் சொன்னா அன்னைக்கே என் வேல போயிரும். அதான்... பொய்ய, தட்டுனா ஒடயிற மாதிரி வெச்சேன். கூண்டுலயும் நீங்க கேக்கக் கேக்க வெறகு, செங்கல்லுன்னு அடுக்குனேன்ல? என்னைக்காவது ஒருத்தர் ஆத்தங்குடிக்குப் போயிப் பாப்பாகன்னு தெரியும்."

அவன் முகத்தில் லேசாக ஒரு பெருமை. ஒரு நன்றியை எதிர்பார்க்கிற பெருமை.

ரேணுகா நிமிரவில்லை. முடியாது. அவனுடைய செருப்பைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏன்யா, வக்கீலம்மா நம்பர் உன் போன்ல போகாதா?"

"அது... பயம்..."

"பதினஞ்சு மாசம் நான் தரையப் பாத்துக்கிட்டு நடந்தேன். நீ மனசுக்குள்ளயே எனக்கு ஒத்தாசை பண்ணிக்கிட்டு, ஏசி வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தியாக்கும்?"

பெருமை இறங்கிவிட்டது.

"இப்ப எனக்கும் வேல போச்சு ரேணுகா. மொதலாளி அன்னைக்கே சாவியப் புடுங்கிட்டாரு. எங்கிட்டாவது ஒரு வேல இருந்தா..."

"அதுக்கென்ன, இருக்கே!" என்றாள் ரேணுகா, செருப்பைப் பார்த்தபடியே. "ஆத்தங்குடியில ஒரு சூளை இருக்காம். ரெண்டாள் ஒசரமாம். போயி வெறகு தள்ளு!"