மூன்றாவது படத்தின் விளக்கம்

கிள்ளானில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இருக்கவில்லை. ஆற்றோரச் சாலையில், ஒரு டயர் கடைக்கும் மூடிக் கிடந்த கிடங்குக்கும் நடுவில் இரண்டு மாடியாக நின்றது. காலை பத்து மணி. நல்ல வெயில். பயப்படுவதற்கான ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை.

காவலுக்கு இருந்த தம்புசாமி கேட்டைத் திறக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வீட்ல சமீபத்துல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லண்ணே. ஏன்?"

"அப்படி இருந்தா வேற ஆள அனுப்பச் சொல்லுவேன். வேற ஒன்னும் இல்ல லா. உள்ள போங்க."

பொய்தான் சொன்னேன். என் மகள் ஆட்ரி நெடுஞ்சாலை விபத்தில் இறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் "ஐயோ" என்பார், எந்த இடம் என்பார், எத்தனை வயது என்பார், நான் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான்கு மாதமாகத் தலையாட்டிக் கழுத்து வலித்ததே தவிர, கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அடக்கத்தன்றும் வரவில்லை. மாதா கோயிலில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் கணவர் ஜோனத்தன் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதார்.

அந்த வீட்டைப் படம் எடுக்கத்தான் போயிருந்தேன். சம்பளம் இல்லாத வேலை. யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக, எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் சிலர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை மதியம் கூடுவோம். பழைய கட்டடங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுவோம், படம் ஏற்றுவோம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளக்கம் எழுதுவோம். பார்வையற்றவர்களுக்குக் கணினி அதை வாசித்துக் காட்டும். விதி இரண்டுதான். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது. ஆதாரம் இல்லாததை எழுதாதே.

"மரப் படிக்கட்டு. இடப்பக்கம் கைப்பிடி. மேலே ஒரு சன்னல்." இப்படி எழுதிக்கொண்டிருந்தால் எதையும் நினைக்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

விளக்கங்களைச் சரிபார்ப்பவன் முகுந்தன். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். பக்கத்துத் தெரு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். ஒரு காதில் இயர்போன், மறு காதில் எங்கள் அரட்டை என்று வேலை செய்வான். இரண்டிலும் ஒரு வார்த்தை விடமாட்டான்.

அந்தச் சனிக்கிழமை நான் எட்டுப் படங்களை ஏற்றினேன். அவன் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து மூன்றாவதில் நின்றான்.

"ஆன்டி, படிக்கட்டுல நிக்கிற பொண்ணு யாரு? பெர்மிஷன் கேட்டீங்களா?"

"எந்தப் பொண்ணு?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க. 'படிக்கட்டின் நடுவில் ஓர் இளம்பெண். முகம் தெளிவாக இல்லை.'"

என் திரையில் அப்படி ஒரு வரி இல்லை. பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு திருத்தம், அதுவும் என்னுடையது. படத்தைப் பெரிதாக்கினேன். படிக்கட்டு, கைப்பிடி, சன்னல். அவ்வளவுதான். முகுந்தன் இயர்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். கணினியின் மொட்டைக் குரல் அவன் சொன்னதை அப்படியே வாசித்தது.

நான்காவது படம் கூடம். 'நாற்காலிகளுக்குப் பின்னால் ஓர் இளம்பெண்.'

ஐந்தாவதும் அதே கூடம். 'நாற்காலிகளுக்கு முன்னால் ஓர் இளம்பெண்.'

எட்டாவது படத்தில், 'மிக அருகில்.'

முகுந்தன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "படத்துக்குப் படம் கிட்ட வரா, ஆன்டி."

என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "ஆட்ரியா இருந்தா, இடது காதுக்குக் கீழ மச்சம் இருக்கும்."

அவன் எட்டாவது படத்தை மறுபடி ஓடவிட்டான். இந்த முறை ஒலிபெருக்கியில்.

'ஓர் இளம்பெண். மிக அருகில். இடது காதுக்குக் கீழே மச்சம்.'

"மொதல்ல அது இல்ல," என்றான் முகுந்தன். அவன் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. "நீங்க சொன்ன பெறகுதான் வந்துச்சு. இது உங்க மக இல்ல ஆன்டி. டிலீட் பண்ணச் சொல்லுங்க."

சொல்லியிருக்க வேண்டும். படத்தை ஏற்றியவளே கேட்டால் நிர்வாகிகள் ஐந்து நிமிடத்தில் நீக்கிவிடுவார்கள். ஆனால் மச்சம் என்று அந்தக் குரல் சொன்னபோது என் நெஞ்சில் ஓர் இடம் சுரீர் என்றது. நான்கு மாதத்தில் முதல் தடவை. வலித்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

செராஸில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதே வாசிக்கும் செயலியை என் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டேன். பிறகு ஆட்ரியின் கடைசிப் பிறந்தநாள் படத்தைத் திறந்தேன். சாப்பாட்டு மேசை, கேக், நாற்காலியில் ஆட்ரி. காதுக்குக் கீழே மச்சம் இல்லை. பெரிதாக்கினேன், அப்போதும் இல்லை. வெளிச்சம் சரியில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது படத்தின் விளக்கத்தில், 'தாடையில் சிறிய தழும்பு' என்று சேர்த்தேன். ஆட்ரி ஐந்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வந்தது. விதிப்படி இது பொய். இருபத்தாறு வருடம் அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தேன், ஒரு தாளில்கூட இல்லாததை எழுதியதில்லை. சேமித்துவிட்டு வாசிக்கவிட்டேன். குரல் தழும்பைச் சொன்னது. நெஞ்சு வலித்தது.

பிறந்தநாள் படத்தில் தாடை வழுவழுவென்று இருந்தது.

'மேல் வரிசையில் தெத்துப்பல்' என்று எழுதினேன். படத்தில் சிரிப்பு மாறிப்போனது. யாரோ ஒரு பெண்ணின் சிரிப்பாக இருந்தது. 'சுருட்டை முடி' என்று எழுதினேன்.

நான் விளக்கத்தில் எழுதுவது ஆட்ரியின் படத்திலிருந்து போகிறது.

தெரிந்துவிட்டது. தெரிந்தும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை முகுந்தன் போன் செய்தான். "ஆன்டி, நீங்க சேக்கிறதெல்லாம் நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆதாரம் எங்க?"

"நான்தான் ஆதாரம்."

"நீங்க ஆதாரம் இல்ல ஆன்டி. நீங்க அம்மா." என்றான் முகுந்தன். "இப்பல்லாம் அது 'முகம் தெளிவாக இல்லை'ன்னு வாசிக்கிறதில்ல. கவனிச்சீங்களா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்தது. எழுத இனி எதுவும் மிச்சமில்லை. உயரம், நிறம், நகம் கடிக்கும் பழக்கம், நிற்கும்போது ஒரு காலில் சாய்வது, எல்லாம் எழுதியாகிவிட்டது. பிறந்தநாள் படத்தைக் கண்ணால் பார்க்கத் தைரியம் வரவில்லை. செயலியை வாசிக்கவிட்டேன்.

'ஒரு சாப்பாட்டு மேசை. ஒரு கேக். ஒரு நாற்காலி. யாரும் இல்லை.'

ஜோனத்தன் நனைந்துகொண்டே வேலையிலிருந்து வந்தார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எதுக்கு வெறும் நாற்காலிய எடுத்து வச்சிருக்க?"

சொல்லி முடித்தவர், கேக்கில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தார். ஆட்ரியின் முதல் நற்கருணைப் படம் அங்கே மாட்டியிருக்கும். சட்டத்துக்குள் பீடமும் இரண்டு மெழுகுவர்த்திகளும் மட்டும் இருந்தன. அவர் அலமாரியைத் திறந்து ஆல்பங்களை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தார். கடற்கரை, வெறும் மணல். பள்ளிக்கூடப் படத்தில் முப்பத்தொன்பது பிள்ளைகள், நடுவில் ஓர் இடைவெளி.

"உர்சுலா, எம் புள்ள எங்க?" என்று கேட்டு அழுதார். "என்ன பண்ண நீ?"

நான் நெஞ்சில் அந்த வலியைத் தேடினேன். இல்லை. கண்ணை மூடி ஆட்ரியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். படிக்கட்டு வந்தது. கைப்பிடி வந்தது. மேலே ஒரு சன்னல்.

தரையில் கிடந்த கைப்பேசி, யாரும் தொடாமலே, வாசிக்க ஆரம்பித்தது.

'ஒரு வரிசை வீடு. மழை. கேட்டுக்கு வெளியே ஓர் இளம்பெண்.'

ஜோனத்தன் அழுகையை நிறுத்தினார்.

வாசல் கேட்டின் பூட்டு, கம்பியில் இரண்டு தரம் இடித்தது. நனைந்த மண்ணின் வாசம் கூடத்துக்குள் வந்தது.

ஆட்ரி பெல் அடிக்கமாட்டாள். சாவியை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து, பூட்டை இப்படித்தான் இரண்டு தரம் ஆட்டுவாள். அதை நான் விளக்கத்தில் எழுதவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

அது அவள் இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அப்படியானால் ஆட்ரி எப்படி இருப்பாள் என்று அவர் திருப்பிக் கேட்டால், சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜோனத்தன் அதற்குள் சாவிக்கொத்தை எடுத்துவிட்டிருந்தார்.