மாறனின் நீல நாக்கு

கீர்த்தனாவின் பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட் இருக்காது. கற்கள்தான் இருக்கும். எல்லாம் லாரி ஓட்டும் திருமலை மாமா பழைய சுரங்க ஊர்களிலிருந்து கொண்டுவந்தவை.

அவற்றில் அபூர்வமானது, ராஜஸ்தானின் கேத்ரி செம்புச் சுரங்கப் பக்கம் கிடைத்த நீலக்கல். சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்த மாமா, "இது மண்ணுலயே விளைஞ்ச மயில்துத்தம். விஷம். தம்பி கைக்கு எட்டாம வை" என்று சொல்லியிருந்தார்.

அன்று பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் கீர்த்தனா டப்பாவைக் கட்டிலிலேயே விட்டுவிட்டாள். மாலையில் வந்து பார்த்தால், பாட்டில் காலி! பக்கத்தில் நான்கு வயதுத் தம்பி மாறன் உட்கார்ந்திருந்தான்.

"மாறா, நாக்கை நீட்டு!"

நீட்டினான். நாக்கு நல்ல நீலம்.

கீர்த்தனா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்; கல் இல்லை. அம்மாவிடம் சொன்னால் டப்பாவே குப்பைக்குப் போய்விடும். போனால் போகட்டும் என்று சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா! என் நீலக்கல்லை மாறன் தின்னுட்டான் போலருக்கு. அது மயில்துத்தம்மா!"

அம்மா கீழ்பென்னாத்தூர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பயிர்நோய்க்கு அடிக்கும் மயில்துத்தம் எவ்வளவு விஷம் என்று அவருக்குத் தெரியும். கரண்டியைப் போட்டுவிட்டு மாறனைத் தூக்கினார். கீர்த்தனா காலி பாட்டிலை எடுத்துக்கொண்டாள். டாக்டர் கேட்பாரே! ஆட்டோ செங்கம் சாலையில் பறந்தது.

டாக்டர் அன்புச்செல்வி பாட்டிலைப் பார்த்தார். மாறனின் வாயைப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"வாந்தி எடுத்தானாம்மா?"

"இல்லீங்க டாக்டர்."

மாறனின் சட்டைப் பையில் ஒரு குச்சி துருத்திக்கொண்டிருந்தது. டாக்டர் அதை உருவினார். அதுவும் நீலம்.

"இது இன்னாடா கண்ணு?"

"குச்சி ஐஸ். மாடி வீட்டு அக்கா வாங்கித் தந்தாங்க."

"அப்போ நீலக்கல்லு எங்க?"

"குளிக்குது."

"குளிக்குதா?"

"பக்கெட்ல. சோப்பு கூடப் போட்டேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாறனின் கையைக் கழுவி, கொஞ்ச நேரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அவனுக்கு ஒன்றுமில்லை. பசிதான்.

"பாட்டிலைக் கையோட எடுத்துனு வந்தியே, சமத்து" என்றார் டாக்டர் கீர்த்தனாவிடம்.

வீட்டில் பக்கெட் தண்ணீர் நீலமாக இருந்தது. கரைந்தது போக, அடியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பருப்பு அளவுக்குக் கல் மிச்சம். கீர்த்தனா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவன் கன்னமெல்லாம் ஐஸ் பிசுபிசுத்தது.

அம்மா டப்பாவைக் குப்பையில் போடவில்லை. பீரோவில் பட்டுப்புடவைகளை நகர்த்தி இடம் பண்ணி, உள்ளே வைத்துப் பூட்டினார்.

"இனிமே கல்லு வேணும்னா என்னைக் கேக்கணும்."

"சரிம்மா."

"நானு?" என்றான் மாறன்.

"நீ கேக்கவே கூடாது!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.