அடுப்பணைத்த ஆறு நாள்

ஞாயிறு மத்தியானம் கர்க்லாண்டில் ஜம்புநாதன் வீட்டு மணியை அழுத்தினாள் சிவநேசம். ரொக்ஸ்பரோவில் சாப்பாட்டுப் பார்சல் சமையலறை நடத்துகிறவள் அவள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விசாரணை. அதற்குள் உண்மை வெளிப்படாவிட்டால் ஒன்று சமையலறை போகும், இல்லை கூடப்பிறந்த தம்பி போவான்.

“நிதானமா சொல்லுங்கம்மா,” என்றார் ஜம்புநாதன். தணிக்கை அதிகாரியாக முப்பது வருடம் பொய்க் காகிதங்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றவர். அவருக்கு உதவியாக இருந்த சட்ட மாணவி சாருஜா, கேட்பதற்கு முன்பே எழுதத் தொடங்கியிருந்தாள்.

துறைமுகத்தில் கொட்டகை கட்டும் அரசாங்க வேலையை வெர்த்திஸ் என்ற நிறுவனம் எடுத்திருந்தது. செலவில் ஒரு பங்கைச் சிறுபான்மையினரின் தொழில்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேலையாட்களின் மதியச் சாப்பாடு சிவநேசத்திடம் என்று எழுதிக்கொடுத்தே வேலையைப் பிடித்தார்கள். செப்டெம்பரில் இரண்டே வாரம் வாங்கிவிட்டுக் கையைக் கழுவிவிட்டார்கள். அவள் அரசாங்கத்திடம் முறையிட்டாள். பதிலுக்கு டிசம்பர் வரைக்கும் வேலைநாள் ஒன்று விடாமல் சாப்பாடு வந்ததாகச் சீட்டுகளை நீட்டினார்கள். எல்லாவற்றிலும் அவளுடைய சமையலறை முத்திரை.

“முத்திரை தம்பி வசீகரனிட்டைத்தான் இருக்கு. விடிய நாலு மணிக்கு அவன்தான் திறக்கிறவன். எனக்குத் தெரியாமல் அவன் சமைச்சுக் குடுத்துக் காசை எடுத்திட்டான் எண்டு வெர்த்திஸ்காரருக்கு எழுதித் தந்தால், அரசாங்க வேலைக்குத் தகுதியான சிறுபான்மைத் தொழில்களின்ரை பட்டியலிலை என்ரை பேர் நிக்குமாம். இல்லாட்டி நான் பொய்க்காரியாம். வீட்டை ஈடு வைச்சு வாங்கின அடுப்பு ஐயா!” என்று அழுதாள்.

“கையெழுத்துப் போட்டிட்டீங்களே, அன்ரி?” என்றாள் சாருஜா.

“இன்னும் இல்லை.”

ஜம்புநாதன் அக்டோபர் சீட்டுகளில் விரலை வைத்தார். “தினமும் இதே சமையலறையிலிருந்து அறுபது பேருக்குக் கோழிக்கறி. நீங்க கந்தசஷ்டி விரதம் இருப்பீங்களா?”

“ஓம், நானும் தம்பியும். ஆறு நாளும் சமையலறை பூட்டு.”

“அவன் களவாச் சமைச்சான் எண்டு சொல்லுவினம், அங்கிள்,” என்றாள் சாருஜா.

“சொல்லட்டும். பூட்டின இடத்துக்கு வேற யாராவது வந்தாங்களா?”

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று சிவநேசத்துக்கு எரிச்சல் வந்தது. “புகைபோக்கி கழுவுற ஆக்கள் வருவினம். வருசா வருசம் அப்பதான் வசதி.”

“அவங்ககிட்ட ஒரு தாள் வாங்கணும். அதுவரைக்கும் கையெழுத்து மட்டும் போடாதீங்க,” என்று எழுந்தார்.

மறுநாள் விசாரணை அறையில் வெர்த்திஸின் கொள்முதல் அதிகாரி அக்னெஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில் வசீகரன் தலையைக் குனிந்திருந்தான். சிவநேசத்தின் சார்பில் ஜம்புநாதன், விசாரணை மொழியான பிரெஞ்சில் அவளிடம் மெதுவாகக் கேட்டார்: “இந்த அக்டோபர் நாட்களில் சாப்பாடு சூடாக வந்ததா?”

“சுடச்சுட. நானே நின்று வாங்கினேன்.”

அவர் ஒரு தாளை நடுவரிடம் நீட்டினார். “புகைபோக்கி கழுவிய நிறுவனத்தின் சான்று. விரதத்தின் முதல் நாளே எரிவாயுவைத் துண்டித்து, அடுப்பின் எரிமுனைகளைக் கழற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஏழாம் நாள்தான் திரும்ப மாட்டினார்கள். வசீகரன் எவ்வளவு பெரிய திருடனாக இருந்தாலும் அங்கே தேநீர்கூட வைத்திருக்க முடியாது. சீட்டெழுதியவர் கட்டட வேலையின் நாள்காட்டியைப் பார்த்திருக்கிறார். விரதமிருக்கும் சமையலறைக்கு வேறு நாள்காட்டி உண்டென்று தெரியாதவர் அவர். தெரிந்த வசீகரன் இதை எழுதியிருக்கமாட்டார். முத்திரையோ, செப்டெம்பர் சீட்டில் உள்ள அதே மைக்கறையோடு எல்லாச் சீட்டிலும் இருக்கிறது; அதிலிருந்து எடுத்த நகல்.”

அக்னெஸ் தண்ணீர் கேட்டாள். சிறுபான்மைத் தொழில்களுக்குக் கொடுத்ததாகக் காட்டிய ஒவ்வொரு செலவையும் வெர்த்திஸ் நிரூபிக்க வேண்டும் என்றும், சிவநேசத்தின் பெயர் பட்டியலில் நிற்கும் என்றும் நடுவர் சொன்னார். சாருஜா கை தட்டப் போய் அடக்கிக்கொண்டாள்.

வாசலில் வசீகரன் காத்து நின்றான்.

“அக்கா, நான் செய்யேல்லை எண்டு நம்பினனியே?”

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை.

“நேற்று மத்தியானம் வரைக்கும் இல்லையடா.”

அவன் மெட்ரோ பக்கமாக நடந்தான். சிவநேசம் அழுதபடி பின்னாலேயே போனாள்.