கழுவக் கூடாத பாட்டில்

“ஐயோ... அதைக் கழுவாதீங்க!”

அவள் போட்ட கூச்சலில், குழாயடியில் குனிந்து நின்றவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். கையிலிருந்த கண்ணாடி பாட்டில் நழுவி, எட்டிப் பிடித்து, மறுபடி நழுவி... ஒருவழியாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சட்டை நனைந்துவிட்டது. வெளியே அப்போதுதான் மழை பிடித்திருந்தது. தகரக் கூரையில் அது தடதடவென்று கொட்டிய சத்தத்தில், குடிநீர் நிலையத்தில் வேறு யாருக்கும் அவள் கத்தியது கேட்கவில்லை. நல்லவேளை.

“கழுவாம எடுத்தா அழுக்கு இல்லையாங்க?” என்றான். குரலில் பயமே இல்லை. கண்களில் ஒரு சிரிப்பு வேறு... பெரிய கண்கள். இமையில் ஒரு நீர்த்துளி தொங்கிக்கொண்டிருந்தது, விழலாமா வேண்டாமா என்று.

அந்தத் துளியைப் பார்க்கவே இல்லை என்றுதான் அவள் பிறகு அண்ணியிடம் சத்தியம் செய்தாள்.

“உள்ள அடியில வெள்ளையா ஒரு சிட்டிகைப் பொடி இருந்துச்சா?”

“இருந்துச்சு. தூசின்னு நினைச்சேன்.”

“தூசியா! சார், தண்ணியில இருக்கிற குளோரினை அடக்குறதே அந்தப் பொடிதான். அதைக் கழுவி ஊத்திட்டா, லேபுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாட்டிலுக்குள்ளேயே குளோரின் எல்லாக் கிருமியையும் கொன்னுடும். அப்புறம் சோதிச்சுப் பாத்தா, தண்ணி ரொம்ப சுத்தம்னு வரும்.”

“வரட்டுமே... உங்க ஊர் தண்ணிதானே? உங்களுக்கு நல்லதுதானே?”

“எங்க ரிப்போர்ட்டுக்கு நல்லதுங்க. எங்க தண்ணிக்கு இல்ல.”

அவன் சிரிப்பு நின்றது. அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். வெள்ளைக் கோட்டு, அவசரத்தில் முடிந்த கொண்டை, கோபத்தில் சிவந்த மூக்கு நுனி... அவ்வளவும் பார்த்துவிட்டு, “தப்புதாங்க. வேற பாட்டில் குடுங்க” என்றான். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு அது பெரிய ஏமாற்றம்.

அவள் இக்கரையில் குடிநீர் சோதிக்கும் லேபில் வேலை செய்பவள். அவன் அக்கரைக்காரன். அங்கே புதிதாகக் கட்டிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் இன்ஜினியர். வழக்கமாகச் சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க வரும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று இவன் படகேறியிருந்தான். மற்ற சோதனைகளுக்கான பாட்டில்களை நன்றாக அலசிவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கிருமிச் சோதனை பாட்டிலையும் அலசிவிட்டான்.

ஆறு ஒன்றுதான். ஆனால் இந்தக் கரை ஒரு நாடு, அந்தக் கரை வேறு நாடு. பேச்சு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே பேச்சு என்பதால், இத்தனை வருடமும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள வசதியாக இருந்தது. அவன் ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் அவள் ஊர் குடிதண்ணீர் எடுக்கிறது. திட்டாமல் என்ன செய்வார்கள்! கடைசியில் சுற்றியுள்ள நாடுகளும் சேர்ந்து கைகொடுத்து, அக்கரையில் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டின. கூட்டுக் கமிட்டி ஒன்றும் வந்தது. கமிட்டி போட்ட விதி விசித்திரமானது. தன் ஊர்த் தண்ணீரைத் தானே மாதிரி எடுக்கக் கூடாது. அக்கரை நிலையத்தில் இவள் எடுக்க வேண்டும், அவன் நின்று பார்க்க வேண்டும். இக்கரைக் குழாயில் அவன் எடுக்க வேண்டும், இவள் நின்று பார்க்க வேண்டும். பிறகு பாட்டிலுக்குச் சீல் வைத்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நம்பிக்கை இல்லாதவர்கள் போட்ட விதி. ஆனால் கல்யாணமாகாத இரண்டு பேரை வாரா வாரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் என்ன ஆகும் என்று எந்த நாட்டு நிபுணரும் யோசிக்கவில்லை.

காய்ச்சல்காரர் தேறிவிட்டார். ஆனாலும் அடுத்த வாரமும் இன்ஜினியரே வந்தான்.

“அவருக்கு இன்னும் உடம்பு சரியாகலையா?” என்று கேட்டாள்.

“அவருக்குச் சரியாயிடுச்சு...” என்று இழுத்தவன், மீதியைச் சொல்லாமல் பாட்டிலை வாங்கிக்கொண்டான்.

அவன் நிலையத்தில் அவளுக்கு ‘குளோரின் மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் படகிலிருந்து இறங்கினாலே, பம்ப் அறைக்காரர்கள் கையை உதறிக்கொண்டு நேராக நிற்பார்களாம். அதை அவன் நடித்துக் காட்டியபோது அவள் சிரித்த சிரிப்பில் சீல் ஒட்டும் டேப் கோணலாகப் போய்விட்டது.

“பொண்ணு பாக்கப் போனா, என்ன வேலைன்னு கேப்பாங்க. சாக்கடையைச் சுத்தம் பண்றேன்னு சொன்னதும் பொண்ணோட அப்பா நாற்காலியைப் பின்னாடி தள்ளிப் போடுவாரு” என்று ஒருநாள் சொன்னான்.

“பொண்ணு?”

“பொண்ணு எந்திரிச்சு உள்ளேயே போயிடும்.”

“நான்லாம் போக மாட்டேன்” என்று வாய் வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் மட்டும் சொன்னாள். அண்ணி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, “அம்மாடி... தண்ணி எடுக்கத்தானே போறே? மூழ்கிட்டு வர்றியே!” என்றாள். குளித்துவிட்டு வந்த அண்ணன் என்ன என்று கேட்க, இருவரும் சேர்ந்து ஒன்றுமில்லை என்றார்கள்.

கடைசி மாதிரி எடுக்கும் நாளும் வந்தது. அதுவரை எடுத்தவை எல்லாம் தேறியிருந்தன. இதுவும் தேறிவிட்டால், சோதனை ஓட்டத்தில் இருக்கும் நிலையத்தை முறைப்படி திறந்து, அக்கரையின் தாழ்வான தெருக்களை அதோடு இணைத்துவிடுவார்கள். மழை வந்தால் சாக்கடை ஏறி வீட்டுக்குள் வரும் தெருக்கள் அவை. அவற்றில் ஒன்றில்தான் அவன் அம்மா இருந்தாள்.

அன்றும் மழைதான். மெல்லிய, சாய்வான மழை. வெளியேறும் வாய்க்காலின் ஓரத்தில் அவள் குனிய, அவன் குடையை அவள் பக்கமாகப் பிடித்துக்கொண்டு முழுக்க நனைந்தான்.

“இதோட முடிஞ்சுது... இனிமே வாரா வாரம் வர வேண்டாம் நீங்க” என்றான்.

“ம்.”

“சந்தோஷமா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்கள்... இவ்வளவு கிட்டத்தில். அதில் சிரிப்பு இல்லை. கேள்விதான் இருந்தது. கை மட்டும் தன்பாட்டுக்கு எதையோ செய்துகொண்டிருந்தது. தண்ணீர் பிடித்தாள், மூடினாள், சீல் வைத்தாள், கையெழுத்துப் போட்டாள். அவனும் போட்டான். கேள்விக்குப் பதில் சொல்லாமலே படகேறிவிட்டாள்.

மறுநாள் முடிவு வந்தது. கிருமி இல்லை. ஒன்றுகூட இல்லை.

லேபில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். அக்கரைக்குப் போன் போட்டுச் சொன்னபோது, அந்தப் பக்கம் பம்ப் அறையில் எழுந்த ஆரவாரம் அவள் காதைத் துளைத்தது. “அம்மாகிட்ட சொல்லிட்டு வர்றேங்க” என்று சின்னப் பையன் போல ஓடிவிட்டான் இன்ஜினியர்.

அடுத்த வேலைக்காக அவள் புதுப் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. அதைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று... அவன் கேட்டபோது... இந்தக் கை பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து, குலுக்கி, கொட்டிவிட்டுத்தானே மறுபடி பிடித்தது? ஆமாம். அலசினாள். ஊரையே திட்டித் திருத்திய குளோரின் மேடம், கழுவக் கூடாத பாட்டிலைத் தன் கையாலேயே கழுவினாள்!

அப்படியானால் இந்த முடிவுக்கு அர்த்தமே இல்லை. தண்ணீர் சுத்தமாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் நேரே அடுக்களைக்குள் போனாள். அண்ணன் மகள், “அத்தை, தண்ணி” என்று டம்ளரை நீட்டினாள். குழாயைத் திறந்து நிரப்பினாள். சொன்னால் அவன் ஊர் மறுபடி காத்திருக்க வேண்டும். அவன் அம்மா இன்னொரு மழைக்குச் சாக்கடையில் நிற்பாள். சொல்லாவிட்டால்... டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிய குழந்தையை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அக்கரையில் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் எல்லா நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். தலைமை நிபுணரான அம்மாள் பாராட்டிப் பேசி முடித்ததும் அவள் எழுந்தாள்.

“கடைசி மாதிரி செல்லாது. பாட்டிலை நான் அலசிட்டேன். தப்பு என்னோடது மட்டும்தான். திரும்ப எடுக்கணும்.”

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொன்னார். “எப்படி நடந்தது?” என்று நிபுணர் கேட்டார்.

“கவனம் சிதறிப்போச்சு” என்றாள். எதிரே உட்கார்ந்திருந்தவனை அவள் பார்க்கவே இல்லை. நிலையத்தின் திறப்பைத் தள்ளிவைத்துவிட்டுக் கூட்டம் கலைந்தது.

மாடிப்படியில் அவன் வழிமறித்தான். முகம் வெளிறியிருந்தது.

“உலகத்துல யார் வேணா அந்த பாட்டிலைக் கழுவலாம். நீங்க கழுவ மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். எதுக்குப் பொய் சொன்னீங்க? எங்க பிளான்ட் திறக்கக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல சொல்லிக்குடுத்தாங்களா?”

“இல்லைங்க... நான் நிஜமாவே...”

“நான் பக்கத்துலதானே நின்னேன்? எனக்குத் தெரியாமயா? அம்மா தெருவுக்கே சொல்லிட்டாங்க. இப்ப நான் போய் என்ன சொல்லட்டும்?”

நீங்க எங்கே பாட்டிலைப் பார்த்தீங்க... என்று கேட்டிருக்கலாம். கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் கை தவறியது என்று எந்தப் பெண் மாடிப்படியில் நின்று சொல்வாள்? அதுவும் தன்னைப் பொய்க்காரி என்றவனிடம்! அவளுக்கும் ரோஷம் வந்தது. விலகி இறங்கிப் போய்விட்டாள். படகுத்துறை வரும்வரை அழவில்லை.

மறு மாதிரியை எடுக்க அவள் போனபோது, பார்த்து நிற்க அந்தப் பழைய காய்ச்சல்காரர்தான் வந்திருந்தார். அவள் அந்த பாட்டிலை ஒரு கைக்குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்து, ஒரே தடவையில் நிரப்பினாள். சீல் வைத்தாள்.

முடிவு வந்தது. கிருமிகள். எண்ண முடியாத அளவுக்கு.

அக்கரைக்குத் தகவல் போயிற்று. அன்று முழுக்கப் பதில் இல்லை. அவள் அறிக்கையை எழுதி முடித்துவிட்டு, சோதனை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் விட்டிருந்தால் எத்தனை டம்ளர்கள்... ஜெயித்தது போலவும் இல்லை. எல்லாம் கைவிட்டுப் போனது போல இருந்தது.

கதவு திறந்தது.

முழங்கால் வரை சேறு. தலைமுடியில் சேறு. வாசலிலேயே நின்றான், உள்ளே வந்தால் தரை பாழாகும் என்று.

“குளோரின் தொட்டிக்குள்ள நானே இறங்கிப் பாத்தேன்” என்றான். மூச்சு வாங்கியது. “தண்ணி வளைஞ்சு வளைஞ்சு போறதுக்குத் தடுப்புப் பலகை வெச்சிருப்போம்ல... அதுல ஒண்ணு கழண்டு கிடக்கு. தண்ணி குறுக்கு வழியில ஓடிப் போயிருக்கு. குளோரினுக்குக் கிருமியைக் கொல்ல நேரமே கிடைக்கல. இன்னிக்கே மாட்டியாச்சு. கமிட்டி அடுத்த வாரம் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கு.”

“சரிங்க” என்றாள்.

“நீங்க சொல்லாம விட்டிருந்தா, எங்க ஊர் அழுக்கைச் சுத்தம்னு சொல்லி உங்க வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். என் கையெழுத்தோட.” குரல் உடைந்தது. “அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பொண்ணையா பொய்க்காரின்னு சொன்னேன்னு கேட்டாங்க. சோறு போடல. மன்னிப்பு கேட்டுட்டு வந்து சாப்பிடுன்னு அனுப்பிட்டாங்க... மன்னிச்சுடுங்க.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல” என்றான் மெதுவாக. “நீங்க... நீங்க போய் எப்படி அதை அலசுனீங்க? கவனம் சிதறிடுச்சுன்னு சொன்னீங்களே... எதுல?”

மழை ஜன்னலில் வழிந்தது. இனி மறைத்து என்ன பயன்? எல்லா நாட்டுக்காரர்கள் முன்னாலும் தப்பை ஒத்துக்கொண்டவளுக்கு, இந்த ஒருவன் முன்னால் உண்மையைச் சொல்ல ஏன் இவ்வளவு பயம்?

“சந்தோஷமான்னு கேட்டீங்க அன்னிக்கு” என்றாள். “இல்லைன்னு சொல்லணும்னு தவிச்சுட்டு இருந்தேன். உங்க முகத்தைப் பாத்தேன்... அப்புறம் கை என்ன பண்ணுச்சுன்னே தெரியல.”

அவன் காது வரை சிவந்தான்.

“நானும் பாட்டிலைப் பாக்கலைங்க. அப்புறம் எங்கே பாத்தேன்னு கேக்காதீங்க.”

“கேக்கல.”

“கேளுங்களேன்...”

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு வாசல் வரைக்கும் வந்தாள். சேற்றுக்கு அருகே, அவனுக்கு நேர் எதிரே நின்றாள்.

“அடுத்த வாரம் நான் பக்கத்துல நிக்கலாமா, இல்ல அவரையே அனுப்பட்டுமா?” என்றான்.

“நீங்கதான் நிக்கணும். இந்தத் தடவை நான் பாட்டிலை மட்டும்தான் பாப்பேன்.”

“தண்ணி தேறிடுச்சுன்னா? அப்புறம் நான் வர்றதுக்குக் காரணமே இருக்காதே?”

“தேறட்டும்” என்றாள் அவள், அவனை நிமிர்ந்து பார்த்து. “எந்தக் காரணமும் இல்லாம வாங்க. எனக்கு நீங்க வேணும்.”