இரண்டு மிரெல்லாக்கள், இரண்டு கடிதங்கள்

பள்ளி விடும் நேரத்தில் கையில் கொடுத்த கடிதத்தை மிரெல்லா மூன்று முறை படித்தாள். நகரின் சிறுவர் பாடகர் குழுவுக்கு அவள் தேர்வாகியிருக்கிறாளாம்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் தேர்வன்று பாட்டின் நடுவே அவள் குரல் கீச்சென்று உடைந்துபோனது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எப்படி?

உறைமேல் 'மிரெல்லா பொஸ்கோலோ' என்று மட்டும் இருந்தது. இத்தாலியின் மீனவ ஊரான கியோஜ்ஜாவில் அது போதாது. மீன் சந்தையில் "பொஸ்கோலோ" என்று கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும். அதனால்தான் அங்கே குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயர். அடையாள அட்டையில்கூட அதைப் போடுவார்கள். மிரெல்லா வீட்டின் பட்டப்பெயர் 'அரை ரொட்டி'. கேலிக்குப் பயந்து அவள் விண்ணப்பத்தில் அதை எழுதவில்லை.

படகில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அப்பாவிடம் போனாள்.

"ஏம்ப்பா இங்க எல்லாருக்கும் ஒரே பேரு?"

"யாருக்குத் தெரியும்? பொஸ்கோன்னா காடு. காட்டுப் பக்கமிருந்து வந்தவங்கன்னு சொல்றாங்க."

"நாம மீன்தானே பிடிக்கிறோம்?"

"அதாம்மா எனக்கும் புரியல," என்றார் அப்பா. 'அரை ரொட்டி' எப்படி வந்தது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

மிரெல்லாவின் குழப்பம் கூடிப்போனது. அப்போதுதான் பக்கத்து வகுப்பிலும் ஒரு மிரெல்லா பொஸ்கோலோ இருப்பது நினைவுக்கு வந்தது. அவளும் தேர்வுக்கு வந்திருந்தாளே! கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி அவள் வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்தவளின் கண்கள் சிவந்திருந்தன. அவளுக்கு வந்த கடிதத்தில் 'வருந்துகிறோம்' என்று இருந்தது. அந்த உறையிலும் பட்டப்பெயர் இல்லை. தன் வீட்டுப் பெயர் 'ஈரப் பூனை' என்பதால் எழுதவில்லை என்று முணுமுணுத்தாள். மிரெல்லாவும் தன் 'அரை ரொட்டி'யைச் சொன்னாள்.

"அப்ப எது யாரோடது?"

இருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் பாட்டு மாஸ்டர் ஃபெருச்சோவிடம் சேர்ந்தே போனார்கள். அவர் நோட்டைப் புரட்டினார். 'மிரெல்லா பொஸ்கோலோ' இரண்டு முறை இருந்தது. ஒன்றின் பக்கத்தில் மட்டும் நட்சத்திரம். எந்த மிரெல்லாவுக்குப் போட்டோம் என்று அவருக்கே நினைவில்லை. தலையைச் சொறிந்தார்.

நல்ல கடிதம் அரை ரொட்டி மிரெல்லாவின் கையில்தான் இருந்தது. வாயைத் திறக்காமல் நின்றிருக்கலாம்.

"அவளாத்தான் இருக்கும் மாஸ்டர்," என்றாள். "எனக்குப் பாதியில குரல் உடைஞ்சுபோச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த வரியிலிருந்து திரும்பப் பாடினேன்."

மாஸ்டர் நிமிர்ந்தார். "சிரிப்புக்கு நடுவுல திரும்பப் பாடின பொண்ணு நீதானா? உனக்குத்தாம்மா நட்சத்திரம் போட்டேன்."

மிரெல்லாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பக்கத்தில் இன்னொரு மிரெல்லா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் பாலம்வரை நடந்து வந்தார்கள்.

"அரை ரொட்டியாம்," என்றாள் ஈரப் பூனை மிரெல்லா திடீரென்று.

"ஈரப் பூனையாம்," என்றாள் இவள்.

இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த வருடம் தானும் மறுபடி முயலப்போவதாகச் சொல்லிவிட்டு ஈரப் பூனை மிரெல்லா வீட்டுக்குப் போனாள்.

கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று, "பிரமாதம், பொஸ்கோலோ!" என்று கத்தினாள்.

மேடையில் பதினோரு பேர் குனிந்து வணக்கம் சொன்னார்கள்.