நான்காவது முறை எடுத்த அளவு

மழைக்கு ஒதுங்கக் கொட்டகைக்குள் ஓடிவந்தவன் நேராக வந்து ஆளுயரப் பஞ்சுப் பொம்மையின் மேல் மோதினான். பொம்மையின் கை கழன்று விழுந்தது.

"கண்ணை எங்க வச்சுக்கிட்டு வர்றீங்க?"

பொம்மையைத் தைத்துக்கொண்டிருந்தவளின் வாயில் குண்டூசி இருந்ததால் பாதித் திட்டு உள்ளேயே நின்றுவிட்டது. வெளியே வந்த பாதி இது.

அவன் விழுந்த கையை எடுத்துப் பணிவாக நீட்டினான். "கை குலுக்கலாம்னு பார்த்தேன்... கையோட வந்துடுச்சுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆனால் அந்த நனைந்த இமைகள்... அந்தக் கண்கள்... சே, வேலையைப் பாரு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அது நூறு வருஷத் தானியக் கொட்டகை. இற்றுப்போன உத்தரங்களை மாற்றி, ஊர்ப் படைவீரர்களுக்கான அருங்காட்சியகம் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். சீருடைகளை மாட்டப் பொம்மை தைப்பது தையல்காரியான அவள் பொறுப்பு. பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவள் காத்திருக்கும் ஒரு சீருடை போரில் இறந்த அவன் அப்பாவுடையது. அவன் அம்மாவுக்கு அதைப் பிரிய மனசில்லை. திறப்பு விழாவுக்கு முந்தின நாள்தான் தருவாராம்.

"அப்ப அளவுக்கு நான் எங்க போறது?"

"என்னை அளந்துக்கோங்க. அப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கேன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

அளந்தாள். தோள், மார்பு, கை... எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். ஆனால் அடுத்த வாரம், "தோள் சரியா வரல, ஒரு நடை வர்றீங்களா?" என்று போன் செய்தாள். அதற்கடுத்த வாரம் கழுத்து. பிறகு மறுபடியும் தோள்.

"ஏம்மா, அந்தத் தம்பி இன்னும் வளர்ந்துக்கிட்டா இருக்காரு?" என்றார் ஏணி மேலிருந்த தச்சர்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. விழா முடிந்தால் அளவும் இல்லை, அவனும் இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் காலை, சீருடையோடு வந்தான். மாட்டிப் பார்த்தவள் திகைத்துப்போனாள். சட்டை தொளதொளவென்று தொங்கியது. தோள் நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. நாளைக்கு அந்த அம்மா வந்து, தன் கணவரை இந்தக் கோலத்திலா பார்ப்பது?

"உங்கப்பா இவ்வளவு பெரிய ஆளா?"

"ஆமா... முகஜாடை மட்டும்தான் எனக்கு. உடம்பு வரல."

"தெரிஞ்சேதான் நின்னீங்களா? என் வேலை உங்களுக்கு விளையாட்டாப் போச்சு. கிளம்புங்க."

முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மையின் தையலைப் பிரித்தாள். கண்ணீர் முட்டியது. புதுக் கூரையில் மழை சடசடத்தது. அவன் போகவில்லை.

"முதல் நாளே சொல்ல வாயெடுத்தேங்க. சொல்லியிருந்தா மறுபடி கூப்பிட்டிருக்க மாட்டீங்க. நீங்க கூப்பிடுற அன்னிக்குத்தான் எனக்குப் பொழுதே விடியுது... உங்களைப் பிடிச்சுப்போச்சு. தப்புதான்."

அவள் தோள் தையலை முழுவதும் பிரித்து முடித்தாள்.

"அந்தப் பஞ்சு மூட்டையை எடுங்க," என்றாள் கடைசியில். "அம்மா வர்றதுக்குள்ள உங்கப்பாவுக்குத் தோள் வைக்கணும்."

எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "இந்தத் தடவையாவது அளவு சரியா வருமா?"

"ஒரு தடவை எடுத்தாலே எனக்கு அளவு தப்பாது."

"அப்புறம் ஏன் நாலு தடவை எடுத்தீங்க?"

அவள் நிமிர்ந்து, முதன்முதலாக அவன் கண்களைத் தயங்காமல் பார்த்தாள்.

"நீங்க ஏன் நாலு தடவை வந்து நின்னீங்களோ... அதுக்குத்தான்."